வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நாடாளுமன்ற வளாகத்திலிருந்து கார்கள் விமான நிலையத்தைப் பார்த்துக் கிளம்பிவிடும். சனி, ஞாயிறு தொகுதியில் இருக்க வேண்டும். திருமணம், திறப்பு விழா, கட்சிக் கூட்டம் என்று ஆயிரம் வேலை. அவைக்குள் பாதி இருக்கைகளுக்கு மேல் காலியாகக் கிடக்கும். செய்தியாளர் மாடத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அந்த நேரத்தில்தான், மாநிலங்களவையில் மதியம் 2.30 முதல் 5 மணி வரை, தனிநபர் அலுவல் நடக்கும். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தன் பெயரில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து நாட்டின் சட்டத்தை மாற்றப் பார்க்கலாம் என்று அரசியலமைப்பு தரும் உரிமைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இவ்வளவுதான். அதுவும் ஒரு வெள்ளி மசோதாவுக்கு என்றால் அடுத்த வெள்ளி தீர்மானத்துக்குப் போய்விடும். மூன்று வாரக் குளிர்காலக் கூட்டத்தொடரில் மசோதாக்களுக்கு இரண்டு மதியங்கள் கிடைத்தாலே பெரிது.

2015 ஏப்ரல் 24 அப்படியொரு வெள்ளிக்கிழமை. அன்று மாநிலங்களவை ஒரு தனிநபர் மசோதாவை ஏகமனதாக நிறைவேற்றியது: திருநர் உரிமைகள் மசோதா, 2014. கொண்டுவந்தவர் திமுகவின் திருச்சி சிவா. இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970இல், உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா. அதற்குப் பிறகு கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான மசோதாக்களில் பெரும்பாலானவை அறிமுகத்தோடு நின்றுபோயின. சில விவாதத்துக்கு வந்து திரும்பப் பெறப்பட்டன. ஓர் அவையில் நிறைவேறுவதே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிற காரியமாகிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து டெல்லி போன திராவிட இயக்கத்தவர் என்றதும் பலருக்கும் பேச்சுதான் நினைவுக்கு வரும். 1962இல் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய கன்னிப்பேச்சை இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறோம். அதே இயக்கத்துக்கு அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு மரபும் உண்டு. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் மரபு அது. இரா. செழியன் 1971 முதல் 1973 வரை பொதுக்கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்பை எதிர்வரிசைக்குத் தரும் வழக்கம் 1967இல் தொடங்கியது. மினு மசானி, வாஜ்பாய் இருவருக்கும் அடுத்து அமர்ந்தவர் அவர். மேடையில் கேட்கிற கைதட்டல் குழு அறையில் கேட்காது. ஆனால் ஒரு துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து, தணிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வாங்குகிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. சிவா நல்ல மேடைப் பேச்சாளர். ஆனாலும் அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கையில் நிலைத்து நிற்கப் போவது இந்த இரண்டாவது மரபில் அவர் செய்த காரியம்தான் என்பது என் எண்ணம்.

1996இல் புதுக்கோட்டைத் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். அந்த 11ஆவது மக்களவை சுமார் ஒன்றரை ஆண்டுதான் நீடித்தது. அதன் பிறகு அவருடைய இடம் பெரும்பாலும் மாநிலங்களவையாக இருந்தது. 2014இல் அவர் மறுபடியும் அங்கே போனதே கணக்குப்படி எளிதில் நடக்கக்கூடியதாக இருக்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 6 இடங்கள் காலியாகும். ஓட்டுப் போடுகிறவர்கள் 234 சட்டமன்ற உறுப்பினர்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு 100 என்று வைத்து, மொத்தம் 23,400ஐ ஏழால் (இடங்கள் ஆறுடன் ஒன்று கூட்டி) வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்று சேர்த்தால் 3,343. அதாவது முதல் விருப்ப ஓட்டு 34 கையில் இருந்தால் ஓர் இடம் உறுதி. 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுக பெற்றது 23. பதினொன்று குறைகிறது. ஏழாவதாக ஒருவர் மனுத் தாக்கல் செய்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆறு இடத்துக்கு ஆறு பேர்தான் நின்றார்கள், போட்டியில்லாமல் தேர்வானார்கள். ஏப்ரலில் புதிய பதவிக்காலம் தொடங்கியது. மே மாதம் வந்த மக்களவைத் தேர்தல் முடிவில் திமுகவுக்கு 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அப்போதைய திமுக போல நான்கு பேர் கொண்ட கட்சிக்கு 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் என்ன கிடைக்கும்? விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்றபடி பிரிக்கப்படுகிறது. நான்கு மணி நேர விவாதம் என்றால் நான்கு பேருக்கு வருவது சுமார் 4 நிமிடம். அவசரப் பிரச்சினைகளை எழுப்புவதற்கான பூஜ்ஜிய நேரத்தில் பேச முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர் ஏற்கப்பட்டால் 3 நிமிடம், அது முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும். பிரச்சினையை மூன்றாவது நிமிடத்தில் சொல்லலாம் என்று முன்னுரையில் நேரத்தைப் போக்குகிறவர்கள் கோரிக்கையைச் சொல்லாமலேயே உட்காருவதைத் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கலாம். கேள்விகளுக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். மாநிலங்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 15தான், அவையும் குலுக்கலில் வருபவை. அமைச்சரை நேருக்கு நேர் துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பு அதில் மட்டும்தான். எழுத்தில் பதில் பெறும் 160 கேள்விகளில் இடம் பிடிப்பது எளிது. ஆனால் அந்தப் பதில் பல நேரம் ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற வரியோடு முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் உறுப்பினர் கேட்கிற நிலையில் இருக்கிறார், அரசு பதில் சொல்கிற நிலையில் இருக்கிறது. தனிநபர் மசோதாவில் மட்டும் இடம் மாறுகிறது. முன்மொழிபவர் அவர்; எழுந்து தன் நிலையைச் சொல்ல வேண்டியது அமைச்சர். விவாதம் முடிந்ததும் பதிலுரை சொல்லும் உரிமையும் அந்த உறுப்பினருக்கே. சிறிய கட்சியின் உறுப்பினருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் விதிகளில் வேறு இல்லை.

ஆயுதத்தைத் தூக்குவதற்குள் கை வலித்துவிடும் என்பதும் உண்மை. முதலில் மசோதாவை எழுத வேண்டும். அரசு மசோதா என்றால் சட்ட அமைச்சகத்தில் வரைவுக்கென்றே தேர்ந்த அதிகாரிகள் இருக்கிறார்கள். தனி உறுப்பினருக்கு அப்படி யாரும் கிடையாது; தெரிந்த வழக்கறிஞர்கள், துறை அறிந்தவர்கள், சம்பந்தப்பட்ட மக்கள் என்று தானே தேடிப் பிடிக்க வேண்டும். அறிமுகத்துக்கு ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். நோக்கங்களும் காரணங்களும் அடங்கிய அறிக்கை கூடவே வேண்டும். செலவு வரும் என்றால் நிதிக் குறிப்பு, விதி வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது என்றால் அதற்குத் தனிக் குறிப்பு. மத்திய அரசின் தொகுநிதியிலிருந்து பணம் போகுமென்றால் அரசியலமைப்பின் 117(3) பிரிவு குறுக்கே நிற்கும்: குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அந்த மசோதாவை எந்த அவையும் நிறைவேற்ற முடியாது. குடியரசுத் தலைவர் பரிந்துரை என்றால் நடைமுறையில் அமைச்சகத்தின் ஆலோசனை. யாரை எதிர்த்து வாதாடப் போகிறோமோ அவர்களிடமே அனுமதிச் சீட்டு வாங்குவது போன்றது இது. ஆணையம், நீதிமன்றம், ஓய்வூதியம் என்று எழுதுகிற மசோதாக்கள் பல இந்த இடத்தில்தான் தங்கிப்போகின்றன.

அறிமுகம் சுலபம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து அனுமதி கேட்பார், அவை ‘ஆம்’ என்னும், முடிந்தது. வழக்கமாக யாரும் எதிர்ப்பதில்லை. அடுத்த கட்டத்துக்குக் குலுக்கல் இருக்கிறது. எந்த உறுப்பினரின் மசோதா விவாதத்துக்கு வரும் என்பதைச் சீட்டுத்தான் முடிவு செய்யும். சீட்டு விழுந்தாலும், முந்தைய வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற மசோதாவுக்குத்தான் முன்னுரிமை. ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டால் பின்னால் இருப்பவர் அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டால் மசோதாவும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிடும். கோரம் என்பது இன்னொரு கண்ணி. மாநிலங்களவையில் பத்தில் ஒரு பங்கு, 25 பேர் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு யாராவது எழுந்து எண்ணிக்கை கேட்டால் மணி அடிக்கும். ஆள் வராவிட்டால் அவை ஒத்திவைக்கப்பட்டுவிடும். நண்பர்களைக் கெஞ்சிக் கூத்தாடி மாலை விமானத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வதும் மசோதாக்காரரின் வேலைதான்.

சிவாவின் மசோதா 2014 டிசம்பர் 12 அன்று அறிமுகமானது. நான்கரை மாதத்துக்குள் வாக்கெடுப்பு வரை வந்தது, தனிநபர் மசோதாக்களின் உலகில் இது மின்னல் வேகம்.

அதன் உள்ளடக்கத்துக்கு இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்று தமிழ்நாட்டில். 2008இல் திமுக ஆட்சியின்போது ‘அரவானிகள் நல வாரியம்’ தொடங்கப்பட்டது, நாட்டிலேயே முதல்முறையாக. குடும்ப அட்டையில் தனிப் பாலினமாகப் பதிவு, அடையாள அட்டை, வீட்டு மனை என்று சின்னச் சின்ன நிர்வாக ஏற்பாடுகளாக இங்கே சில விஷயங்கள் நடந்து பார்த்தாகிவிட்டன. ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல்லும் அரசு ஆவணங்களுக்குள் வந்துவிட்டது. இன்னொரு வேர் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தந்த தீர்ப்பு. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது தீர்ப்பு. கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு தரவும் அரசுகளுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு உரிமையை அறிவித்தது. அதை அலுவலகப் படியேறும் ஒரு மனிதருக்குக் கிடைக்கச் செய்ய ஒரு சட்டம் தேவைப்பட்டது.

மசோதா 10 அத்தியாயங்கள், 58 பிரிவுகள் கொண்டது. அரசுக் கல்வி நிலையங்களிலும் அரசு வேலையிலும் 2 விழுக்காடு இடஒதுக்கீடு. மத்தியிலும் மாநிலங்களிலும் ஆணையம். உரிமை வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றங்கள். வெறுப்புப் பேச்சுக்கு ஓராண்டு வரை சிறை. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைவிட ‘உரிமை’ என்ற சொல்லை அது முன்னால் வைத்தது. தலைப்பிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது. அடுத்து வந்த அரசு மசோதாவின் தலைப்பில் ‘பாதுகாப்பு’ முதலில் வந்து நின்றதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

வாக்கெடுப்பு நாளில் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மசோதா பிழைப்பதும் சாவதும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். விவாதத்தில் பேசிய கட்சிகள் எல்லாம் ஆதரித்தன. பிறகு சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் எழுந்தார். அரசுக்கும் அக்கறை உண்டு, இது குறித்துப் பணிகள் நடக்கின்றன, ஆகவே மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தனிநபர் மசோதாக்கள் எல்லாவற்றுக்கும் வருகிற வேண்டுகோள் இது. அதன் பிறகு நடப்பதும் எல்லாருக்கும் தெரியும்: உறுப்பினர் அமைச்சருக்கு நன்றி சொல்வார், உறுதிமொழியை ஏற்று அவையின் அனுமதியோடு மசோதாவைத் திரும்பப் பெறுவார். அமைச்சர் அவையில் தந்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் இருக்கிறது. ஆனால் ‘பரிசீலிக்கிறோம்’ என்ற சொல்லை நிறைவேற்றுவது எப்படி என்று யாராலும் அளக்க முடியாது.

சிவா திரும்பப் பெற மறுத்தார். விதிகளின்படி அதன் பிறகு தலைமை இருக்கைக்கு வேறு வழி கிடையாது. மசோதாவைக் கொண்டுவந்தவர் கேட்காமல் அதைத் திரும்பப் பெற வைக்க யாருக்கும் அதிகாரமில்லை; மசோதாவை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். இருக்கையில் இருந்தவர் துணைத் தலைவர் பி.ஜே. குரியன். மாநிலங்களவையில் அப்போது ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மையும் இல்லை. டிவிஷன் கேட்டால் இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு என்று பலகையில் எண் ஒளிரும், திருநருக்கு எதிராக வாக்களித்தவர்கள் என்று அரசுத் தரப்பினரின் பெயர்கள் அவைக் குறிப்பில் ஏறும். அந்த நேரத்தில் அவை முன்னவர் அருண் ஜேட்லி எழுந்து, இப்படியொரு விஷயத்தில் அவை பிளவுபட்டதாகத் தெரியக் கூடாது என்று சொன்னார். பிரிவு பிரிவாகக் குரல் வாக்கில் ஏற்கப்பட்டு மசோதா ஏகமனதாக நிறைவேறியது.

ஜேட்லி செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம். ஆனால் அவரை அந்த முடிவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல். ஆளும் கூட்டணியில் இல்லாத, அமைச்சரிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டியிராத ஒரு மாநிலக் கட்சிக்காரரால் அதைச் சொல்ல முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, 2014 மக்களவைத் தேர்தலில் திமுக வாங்கிய அந்தப் பூஜ்ஜியத்துக்கு வருவோம். மாநிலங்களவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா மக்களவைக்குப் போனால் அங்கே ஓர் உறுப்பினர் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க ஆளில்லாவிட்டால் மேசையிலேயே கிடக்கும். திமுகவுக்கு அந்த மக்களவையில் ஒருவரும் இல்லை. எடுத்துக்கொண்டவர் ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்தைச் சேர்ந்த கேந்திரபாரா உறுப்பினர் பைஜெயந்த் பாண்டா. 2016 பிப்ரவரி 26, மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, மக்களவையில் விவாதம் தொடங்கியது. ஒரு மாநிலக் கட்சியின் மசோதாவை இன்னொரு மாநிலக் கட்சி தோளில் ஏற்றிக்கொண்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் மக்களவையில் அரசுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தது. அங்கே ‘மாட்டேன்’ என்பதற்கு மாநிலங்களவையில் இருந்த எடை கிடையாது.

2016 ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தது. அதில் திருநர் என்பதற்குத் தரப்பட்ட விளக்கம், முழுக்கப் பெண்ணும் அல்ல, முழுக்க ஆணும் அல்ல என்கிற தொனியில் இருந்தது. நால்சா தீர்ப்பை வாசித்த எவரையும் வேதனைப்படுத்தும் சொற்கள் அவை. இடஒதுக்கீடு இல்லை. ஆணையம் இல்லை. தனி நீதிமன்றம் இல்லை. நாடு முழுக்கத் திருநர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நிலைக்குழு 2017இல் விரிவான திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2018 டிசம்பரில் மக்களவை 27 திருத்தங்களோடு அதை நிறைவேற்றியது; அந்த மோசமான விளக்கம் போனது, மற்றவை பெரும்பாலும் தங்கின. மாநிலங்களவை எடுப்பதற்குள் தேர்தல் வந்துவிட்டது.

2019 மே 25இல் 16ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது இரண்டு மசோதாக்களும் சேர்ந்தே காலாவதியாயின. மாநிலங்களவை நிரந்தர அவை, அங்கே மட்டும் நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் மக்களவை கலைவதால் சாவதில்லை. ஆனால் மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவைக்கு அனுப்பிய மசோதா, மக்களவையோடு சேர்ந்து போய்விடும். அரசியலமைப்பின் 107ஆவது பிரிவு சொல்வது இது. சிவாவின் மசோதா நிறைவேறாமல் மாநிலங்களவையிலேயே கிடந்திருந்தால் அந்தத் தேதியைத் தாண்டியிருக்கும். நிறைவேறியதால் முடிந்துபோனது.

அரசு புதிய மசோதாவை 2019 ஜூலையில் மறுபடி கொண்டுவந்தது. ஆகஸ்ட் 5 அன்று மக்களவை நிறைவேற்றியது. காஷ்மீர் பற்றிய அறிவிப்பு நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த நாள் அது, இதைக் கவனித்தவர்கள் குறைவு. நவம்பர் 26 அன்று மாநிலங்களவைக்கு வந்தபோது, இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தைச் சிவா முன்மொழிந்தார். இந்த முறை எண்ணிப் பார்க்கப்பட்டது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. மசோதா அப்படியே நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது என்பதை 2015இல் நிறைவேறிய சிவாவின் மசோதாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திருநர் என்ற அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியரிடம் வாங்க வேண்டியிருந்தது. அதைத் திருத்தி ஆண் என்றோ பெண் என்றோ பெற வேண்டுமென்றால் மருத்துவச் சான்று கேட்டது. ஆணையத்தின் இடத்தில் ஆலோசனை சொல்லும் தேசிய கவுன்சில். திருநர் மீதான உடல் வன்முறைக்கும் பாலியல் அத்துமீறலுக்கும் 18ஆவது பிரிவு தந்த தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு என்றிருக்கிற நாட்டில் இதை எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

சிவா 2020இல் மீண்டும் மாநிலங்களவைக்குத் தேர்வானார், கட்சியின் அவைக் குழுத் தலைவராகவும் தொழில்துறை நிலைக்குழுவின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். நிலைக்குழுவில் 31 பேர், அதில் 21 பேர் மக்களவை, 10 பேர் மாநிலங்களவை. அங்கே அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது, கேமராவும் கிடையாது. மானியக் கோரிக்கைகளை வரிவரியாகப் பார்க்கிற வேலை. செழியன் காலத்திலிருந்து தொடர்கிற அதே தொழில்.

2 விழுக்காடு இடஒதுக்கீட்டுப் பிரிவு மத்தியச் சட்டத்தில் ஏறவேயில்லை. 2021 ஜூலையில் கர்நாடகம் அரசு வேலைகளில் எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் திருநருக்கு 1 விழுக்காடு கிடைமட்ட இடஒதுக்கீடு வழங்கி விதிகளைத் திருத்தியது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.